தாய் எலியின் மூளையில் பயம் எங்கே போகிறது?

இதுவரை குட்டியே போடாத ஒரு பெண் எலியின் கூண்டுக்குள், பிறந்து ஓரிரு நாளே ஆன எலிக்குட்டி ஒன்றை வைத்தால் என்ன நடக்கும்? பெண் எலிதானே, ஓடிவந்து அணைத்துக்கொள்ளும் என்று தோன்றலாம். நடப்பது வேறு. தள்ளி நின்று, கழுத்தை மட்டும் நீட்டி மோந்து பார்க்கும். சட்டென்று பின்வாங்கும். கூண்டின் எதிர்மூலைக்குப் போய் ஒடுங்கிக்கொள்ளும். சில எலிகள் கடித்துக் கொன்றும் விடும்.

அதே எலி கருவுற்று, சுமார் 22 நாள் கழித்துத் தானே குட்டி போட்டதும் ஆளே மாறிவிடும். குட்டிகளை நக்கிச் சுத்தம் செய்யும், நஞ்சுக்கொடியைத் தின்னும், சிதறிக் கிடக்கும் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு வந்து கூட்டில் சேர்க்கும், அப்புறம் முதுகை வில்லாக வளைத்து அவற்றின் மேல் கவிந்து நின்று பால் கொடுக்கும். இதையெல்லாம் அது வேறெங்கும் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. முதல் பிரசவமாகவே இருந்தாலும் இப்படித்தான்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் பதில், "ஹார்மோன் சுரக்கிறது, பாசம் வருகிறது" என்பது. தப்பில்லை, ஆனால் இது பாதிப் பதில்தான். பாசம் வர வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஒன்று விலக வேண்டும்: பயம். விலங்குகளின் தாய்மையைப் பற்றி நரம்பியல் கண்டுபிடித்ததில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான், அதனால் இந்தக் கட்டுரையை இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டே கொண்டுபோகிறேன்.

முதலில் 1967-க்குப் போவோம். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே ரோசன்பிளாட் என்ற ஆய்வாளர், குட்டி போடாத எலிகளின் கூண்டில் தினமும் புதுக் குட்டிகளை வைத்துக்கொண்டே வந்தார். குட்டிகளுக்குப் பசி வந்துவிடும் என்பதால் தினமும் மாற்ற வேண்டியிருந்தது. முதல் சில நாள் விலகி ஓடிய எலிகள், ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் குட்டிகளைக் கவ்விக்கொண்டுவந்து கூட்டில் சேர்த்து, நக்கி, மேலே கவிந்து நிற்க ஆரம்பித்தன. பால் கிடையாது, கர்ப்பம் கிடையாது. சினைப்பை அகற்றப்பட்ட எலிகளும் செய்தன, ஆண் எலிகளும் செய்தன. அப்படியென்றால் குட்டியைப் பார்த்துக்கொள்வதற்கான நரம்பு அமைப்பு எல்லா எலிகளின் மூளையிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஏதோ ஒன்று அதை அமுக்கி வைத்திருக்கிறது. ஒரு வாரம் குட்டியோடு இருந்து பழகினால் அந்த அமுக்கம் தளர்கிறது.

அமுக்கி வைத்திருப்பது எது என்ற கேள்விக்கு முதல் தடயம் மூக்கில் கிடைத்தது. அலிசன் ஃபிளெமிங்கும் ரோசன்பிளாட்டும் 1970-களில் வாசனை உணரும் மூளைப் பகுதியைச் செயலிழக்கச் செய்து பார்த்தார்கள். நாள்கணக்கில் பழக வேண்டிய எலிகள் பல, வெகு சீக்கிரமே தாய்போல் நடந்துகொண்டன. அதாவது குட்டியின் வாசனை, பழக்கமில்லாத எலிக்கு அருவருப்பும் அச்சமும் தருகிற வாசனை. அந்த வாசனைச் செய்தி அமிக்டலா என்ற பகுதிக்குப் போகிறது. புதிதான ஒன்றைக் கண்டால் "எச்சரிக்கை, விலகு" என்று உடம்பைத் தயார்படுத்துவதில் பெரும்பங்கு இந்தப் பகுதிக்குத்தான். ஃபிளெமிங் குழு அமிக்டலாவின் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியபோதும் இதே முடிவுதான் வந்தது, எலிகள் சீக்கிரமே குட்டிகளை ஏற்றுக்கொண்டன. 1981-இல் வந்த அவர்களுடைய இன்னொரு கட்டுரையின் சாரம்: குட்டி போடாத எலி நல்ல தாயாக இருக்க முடியாததற்குக் காரணம் அதன் கூச்சமும் பயமும்.

ஆக, குட்டி போடாத எலியின் மூளையில் இரண்டு இழுப்புகள் இருக்கின்றன. ஒன்று குட்டியிடம் போ என்கிறது, இன்னொன்று விலகு என்கிறது. ஒரு தராசுபோல நினைத்துக்கொள்ளலாம். சாதாரண நாளில் பயத்தின் தட்டு தாழ்ந்திருக்கிறது. பிரசவம் தராசை மறுபக்கம் சாய்த்துவிடுகிறது. இந்தச் சாய்ப்பு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நடப்பதுதான் விஷயமே. ஈர்ப்பு கூடுகிறது, அச்சம் குறைகிறது.

செம்மறி ஆட்டில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். பனிக்குட நீரின் வாசனை என்றால் பெண் ஆட்டுக்கு ஆகவே ஆகாது. அந்த நீர் பட்ட தீவனத்தைத் தொடாது. ஆனால் குட்டி ஈனும் நேரத்தில் மட்டும் அதே நீர் அதற்கு அவ்வளவு பிடித்துப்போய்விடும், நக்கிக்கொண்டே இருக்கும். அப்படி நக்குவதில்தான் குட்டியின் உடம்பு உலர்கிறது, அந்த ஓரிரு மணி நேரத்தில்தான் தன் குட்டியின் வாசனையை ஆடு மனதில் பதித்துக்கொள்கிறது. அதன்பின் வேறு குட்டி மடியில் வாய் வைக்க வந்தால் முட்டித் தள்ளிவிடும்.

இப்போது ஹார்மோன்களுக்கு வருவோம். கர்ப்பம் முழுவதும் புரோஜெஸ்டிரோன் உயரத்தில் இருக்கும். பிரசவத்துக்குச் சற்று முன்பு அது சடாரென்று இறங்கும், ஈஸ்ட்ரோஜன் ஏறும், புரோலாக்டினும் சேர்ந்துகொள்ளும். பிரசவ வலியோடு மூளைக்குள்ளேயே ஆக்ஸிடோசின் வெளிப்படும். இதில் எதுவும் தனியாளாக வேலை செய்வதில்லை. 1979-இல் கார்ட் பெடர்சனும் ஆர்தர் பிரேஞ்சும், ஈஸ்ட்ரோஜன் கொடுத்துத் தயார்செய்த குட்டி போடாத எலிகளின் மூளைக்குள் ஆக்ஸிடோசினைச் செலுத்தினார்கள். அவற்றில் பல சீக்கிரமே தாய்போல் நடந்துகொண்டன. ஆக்ஸிடோசினுக்கு "அன்பு ஹார்மோன்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டதற்கு இதுமாதிரி சோதனைகளும் ஒரு காரணம். ஆனால் அந்தப் பெயரை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஏனென்றால் ஆக்ஸிடோசின் மரபணுவே இல்லாத சுண்டெலிகளை 1990-களில் உருவாக்கிப் பார்த்தபோது, அவற்றால் சுரந்த பாலை வெளியேற்ற முடியவில்லை, ஆனால் குட்டிகளைக் கவனித்துக்கொள்வதில் பெரிய குறை தெரியவில்லை. ஒரே ஒரு வேதிப்பொருளை நம்பி இவ்வளவு முக்கியமான ஒரு வேலையை இயற்கை விட்டுவைக்கவில்லை.

ஹார்மோன்கள் போய் முட்டுகிற இடம், மூளையின் அடிப்பக்கம் உள்ள ஹைபோதலாமஸின் முன்பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னப் பகுதி. மீடியல் பிரியாப்டிக் ஏரியா என்று பெயர்; சுருக்கமாக எம்.பி.ஓ.ஏ. என்பார்கள். 1974-இல் மைக்கேல் நியூமன் இந்தப் பகுதியைச் சேதப்படுத்தியும், அதன் பக்கவாட்டு இணைப்புகளைத் துண்டித்தும் பார்த்தார். பாலூட்டிக்கொண்டிருந்த தாய் எலிகள் குட்டிகளைக் கவனிப்பதை நிறுத்திவிட்டன. இங்கிருந்து கிளம்பும் செய்தி டோபமைன் தயாரிக்கும் பகுதிக்குப் போகிறது. டோபமைன் என்றால் "இது வேண்டும், இதற்காக உழைக்கலாம்" என்று விலங்கைத் தூண்டுகிற பொருள் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தூண்டல் எவ்வளவு பலமானது என்பதற்கு 1969-இல் வெளியான ஒரு சோதனை உண்டு. ஒரு கம்பியை அழுத்தினால் ஒரு குட்டி சறுக்கி வந்து விழும்படி பெட்டியை அமைத்தார்கள். தாய் எலி அழுத்தியது, குட்டியைக் கவ்விக் கூட்டில் வைத்தது, திரும்பி வந்து மறுபடி அழுத்தியது. நூற்றுக்கணக்கான தடவை இப்படியே செய்துகொண்டிருந்தது. உணவுக்காகக் கம்பியை அழுத்தும் எலி வயிறு நிறைந்தால் நிறுத்திவிடும். குட்டிக்காக அழுத்தும் எலிக்கு அப்படி ஒரு நிறைவு லேசில் வரவில்லை. பின்னால் செய்யப்பட்ட வேறு சோதனைகளில், பிரசவமாகி எட்டு நாளான எலிகளுக்குக் கொகெயின் கிடைக்கும் அறை, குட்டிகள் கிடைக்கும் அறை என்று இரண்டைப் பழக்கிவிட்டுத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பெரும்பாலானவை குட்டிகளின் அறைக்கே போயின. பதினாறாம் நாள் வாக்கில் அந்த விருப்பம் மாறி, கொகெயின் பக்கம் சாய்ந்தது. குட்டிகள் கண் திறந்து, தானாக நடமாடத் தொடங்கும் காலமும் அதுதான்.

இந்த எம்.பி.ஓ.ஏ.வுக்குள் எந்த நரம்பணுக்கள் இதைச் செய்கின்றன என்பது 2014-இல் தெளிவானது. ஹார்வர்டில் கேத்தரின் டுலாக் குழு சுண்டெலிகளை வைத்து வேலை செய்தது. கலானின் என்ற பொருளைச் சுரக்கும் ஒரு கூட்டம் நரம்பணுக்கள் அங்கே இருக்கின்றன. இணை சேராத ஆண் சுண்டெலி, குட்டியைக் கண்டால் பெரும்பாலும் தாக்கும். அதே ஆண், இணை சேர்ந்து சுமார் மூன்று வாரம் கழித்து, அதாவது தன் குட்டிகள் பிறக்கக்கூடிய நேரத்தில், தாக்குவதை விட்டுவிட்டுப் பராமரிக்க ஆரம்பிக்கும். டுலாக் குழு இணை சேராத ஆணின் கலானின் நரம்பணுக்களை ஒளியால் தூண்டியபோது, அது தாக்குதலை நிறுத்திவிட்டுக் குட்டியை நக்கியது. அந்த நரம்பணுக்களை அழித்தபோது பராமரிப்பு குலைந்தது, தாயிடமும்தான் தந்தையிடமும்தான். 2018-இல் அதே குழு இன்னும் ஒரு படி போனது: இந்த நரம்பணுக்களில் ஒரு கிளை நக்குவதைத் தூண்டுகிறது, இன்னொரு கிளை குட்டியைத் தேடிப்போகும் உந்துதலைத் தருகிறது, மூன்றாவது ஒரு கிளை அமிக்டலா பக்கம் போய் மற்ற வளர்ந்த எலிகள் மேல் இருக்கும் ஆர்வத்தைக் குறைக்கிறது.

அந்த மூன்றாவது கிளையைக் கவனியுங்கள். குட்டியை நோக்கி இழுப்பதோடு நிற்காமல், கவனத்தைக் கலைக்கிற மற்றவற்றை அமர்த்துவதும் இதே நரம்பணுக் கூட்டத்தின் வேலையாக இருக்கிறது.

காதுக்கும் பங்கு உண்டு. கூட்டிலிருந்து விலகிப்போன சுண்டெலிக்குட்டி நம் காதுக்குக் கேட்காத உயர்ந்த ஒலியில் கத்தும். தாய்க்குக் கேட்கும், உடனே எழுந்து போகும். குட்டி போடாத பெண்ணுக்கும் அந்த ஒலி கேட்கத்தான் செய்கிறது, ஆனால் பொருட்டாகத் தெரிவதில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃப்ரோம்கேயும் பியாங்கா ஜோன்ஸ் மார்லினும் 2015-இல் காட்டியது, மூளையின் இடது பக்கக் கேட்டல் பகுதியில் ஆக்ஸிடோசின் சேர்ந்தால் இந்த நிலை மாறுகிறது, நரம்பணுக்கள் அந்தக் கத்தலுக்குத் துல்லியமாகப் பதில் தர ஆரம்பிக்கின்றன, குட்டி போடாத சுண்டெலிகளும் குட்டியைக் கவ்வி எடுத்துவரக் கற்றுக்கொள்கின்றன.

சரி, இனி பதற்றம். விலங்கிடம் போய் "பதற்றமாக இருக்கிறதா" என்று கேட்க முடியாது, அதனால் அதன் நடத்தையைத்தான் அளக்க வேண்டும். இதற்கென்று ஒரு மேடை உண்டு. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் கூட்டல் குறி வடிவத்தில் நான்கு பாதைகள். இரண்டுக்குப் பக்கச் சுவர் உண்டு, இரண்டு திறந்தவெளி. எலியை நடுவில் வைத்து ஐந்து நிமிடம் பார்ப்பார்கள். திறந்த பாதையில் நின்றால் எதிரி கண்ணில் படலாம், கீழே விழலாம், அதனால் எலி இயல்பாகவே சுவர் உள்ள பாதையில் பதுங்கும். எவ்வளவு நேரம் திறந்த பாதையில் செலவிடுகிறதோ அவ்வளவு பதற்றம் குறைவு என்று கணக்கு. பாலூட்டும் எலிகள், குட்டி போடாத எலிகளைவிடத் திறந்த பாதையில் அதிக நேரம் உலாவுகின்றன. திடீர் அதிர்ச்சி ஏதாவது கொடுத்தாலும் அவற்றின் ரத்தத்தில் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிகோஸ்டிரோன் மற்ற எலிகள் அளவுக்கு ஏறுவதில்லை.

இது பிரசவ ஹார்மோன்களின் மிச்சம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் குட்டிகளைத் தாயிடமிருந்து நான்கு மணி நேரம் பிரித்துவைத்துவிட்டு அதே மேடையில் விட்டால், அந்தத் துணிச்சல் போய்விடுகிறது, மற்ற எலிகள் மாதிரியே பதுங்குகிறது. ஜோசப் லான்ஸ்டீன் 2005-இல் காட்டியது இது. குட்டிகளின் தோல் தன் தோலில் படுகிற அண்மைதான் தாயின் பதற்றத்தைத் தணித்து வைத்திருக்கிறது. தாய்தான் குட்டியை அமைதிப்படுத்துகிறாள் என்றே நாம் எப்போதும் பேசுகிறோம். குட்டியும் தாயை அமைதிப்படுத்திக்கொண்டேதான் இருக்கிறது. இந்தத் தொடுதல் மூளையில் ஆக்ஸிடோசினையும், நரம்பணுக்களைச் சாந்தப்படுத்தும் காபா என்ற பொருளையும் தொட்டு வேலை செய்கிறது.

அப்படியானால் தாய் எலிக்குப் பயமே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்துக்கு மாறியிருக்கிறது. தன் கூட்டுப் பக்கம் அந்நிய எலி ஒன்று வந்தால் பாலூட்டும் எலி பாய்ந்து கடிக்கும். வழக்கமாகப் பதுங்குகிற பிராணி, தன்னைவிடப் பெரிய ஆண் எலியையும் விரட்டும். மன அழுத்த ஹார்மோன் அதிகம் ஏறுவதில்லை என்று சொன்னேன் அல்லவா, அதற்கும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: குட்டிகள் பக்கத்தில் இருக்கும்போது, அவற்றுக்கே ஆபத்தான ஏதாவது வந்தால், அந்த ஹார்மோன் பழையபடி ஏறுகிறது. தனக்கு வரும் சின்னச்சின்னத் தொந்தரவுகளை மூளை பொருட்படுத்தாமல் விடுகிறது, குட்டிக்கு வரும் ஆபத்தை விடுவதில்லை.

அதனால் "பதற்றம் குறைந்தால் நல்ல தாய்" என்று ஒரு நேர்க்கோடு போட்டுவிடக் கூடாது. ஜெர்மனியில் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இரண்டு எலி வகைகள் உண்டு, ஒன்று பிறவியிலேயே அதிகப் பதற்றம் கொண்டது, மற்றது குறைவு. ஆலிவர் பாஷும் இங்கா நியூமனும் இவற்றை ஒப்பிட்டபோது, அதிகப் பதற்ற வகைத் தாய்கள்தான் குட்டிகளோடு அதிக நேரம் இருந்தன, கூட்டை இன்னும் ஆக்ரோஷமாகக் காத்தன. இன்னொரு பக்கம், மன அழுத்தத்தைத் தொடங்கி வைக்கும் சி.ஆர்.எஃப். என்ற மூளைப் பொருளைப் பாலூட்டும் எலியின் மூளைக்குள் செலுத்தினால் பராமரிப்பு குறைந்துபோகிறது. பிறவியிலேயே இருக்கும் எச்சரிக்கைச் சுபாவம் ஒன்று, அந்த நேரத்தில் மூளையை ஆக்கிரமிக்கும் அழுத்தம் இன்னொன்று. இரண்டையும் "பதற்றம்" என்ற ஒரே பெயரில் அழைப்பதால்தான் படிப்பவர்களுக்குக் குழப்பம் வருகிறது.

இதுவரை தாயின் மூளை. குட்டியின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் பலரும் கேள்விப்பட்டிருக்கக்கூடிய பகுதி. மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி குழு, சாதாரணத் தாய் எலிகளைச் சும்மா உட்கார்ந்து கவனித்தது. எல்லாத் தாய்களும் பால் கொடுக்கின்றன, ஆனால் முதல் வாரத்தில் சில அதிகம் நக்குகின்றன, சில குறைவாக. அதிகம் நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்தபின் புது இடத்தில் குறைவாகப் பயந்தன, அதிர்ச்சி கொடுத்தால் மன அழுத்த ஹார்மோன் சீக்கிரம் தணிந்தது. 1997-லும் 1999-லும் இவை வெளியாயின. மரபணுவின் வேலையோ என்று சந்தேகம் வரும், அதற்காகக் குட்டிகளை மாற்றிவைத்தார்கள். குறைவாக நக்கும் தாய்க்குப் பிறந்து, அதிகம் நக்கும் தாயிடம் வளர்ந்த குட்டி, வளர்த்தவளைப் போலவே ஆனது. அந்தப் பெண் குட்டி தாயானபோது தானும் அதிகம் நக்கியது.

இது மூளையில் எப்படித் தங்குகிறது? மன அழுத்த ஹார்மோன் அளவுக்கு மேல் போனதும் "போதும், நிறுத்து" என்று சொல்ல, மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் அந்த ஹார்மோனைப் பிடித்து உணரும் ஏற்பிகள் இருக்கின்றன. அதிகம் நக்கப்பட்ட எலிகளுக்கு அந்த ஏற்பிகள் அதிகம். 2004-இல் அதே குழு காட்டியது, அந்த ஏற்பிக்கான மரபணுவின் மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற வேதிக்குறிகளின் அளவு, தாய் நக்குவதைப் பொறுத்து முதல் வாரத்திலேயே மாறுகிறது என்று. மரபணுவின் எழுத்து மாறுவதில்லை, அது எவ்வளவு தூரம் வாசிக்கப்படுகிறது என்பது மாறுகிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குறைவாக நக்கும் தாய் எலி மோசமான தாய் இல்லை. அதன் குட்டிகளும் நன்றாகவே வளர்கின்றன. ஆபத்து நிறைந்த சூழலில், எதற்கும் சட்டென்று உஷாராகிற குட்டிதான் பிழைக்க வாய்ப்பு அதிகம் என்று மீனியே வாதிட்டிருக்கிறார். தாயின் நடத்தையும் வெளிச்சூழலைப் பொறுத்துத்தான் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் டாலி பாராம் குழு, தாய் எலிக்குக் கூடு கட்டத் தேவையான பொருளை மட்டும் குறைத்துக் கொடுத்தது. உணவில் குறையில்லை. அது ஒன்றே போதுமாக இருந்தது. தாய் அடிக்கடி எழுந்து போய்வந்தது, கவனிப்பு துண்டுதுண்டாக, முன்கூட்டி எதிர்பார்க்க முடியாதபடி ஆனது, குட்டிகளின் மன அழுத்த அமைப்பும் மாறிப்போனது. இங்கே தாயைக் குறை சொல்லி என்ன பயன், கூட்டுக்குப் பொருள் கொடுக்காமல் வைத்தது யார்?

எலியை வைத்து மனிதர்களை அப்படியே அளந்துவிட முடியாது. மனிதத் தாய்க்குச் சிந்தனை, நினைவு, உறவுகள், வளர்ந்த சூழல் எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. கர்ப்பமே ஆகாமல் தத்தெடுத்து வளர்ப்பவர்களும் தாய்தான், அதற்கு எந்த நரம்பியலின் அனுமதியும் தேவையில்லை. ஆனாலும் சில விஷயங்கள் எலியிலிருந்து நேராக மருந்துக்கடைவரை வந்திருக்கின்றன. புரோஜெஸ்டிரோன் உடைந்து உண்டாகும் அல்லோபிரெக்னனலோன் என்ற பொருள், மேலே சொன்ன காபாவின் ஏற்பிகளைப் பலப்படுத்தி மூளையைச் சாந்தமாக வைக்கிறது. பிரசவத்தோடு புரோஜெஸ்டிரோன் விழும்போது இதுவும் விழுகிறது, அந்த ஏற்பிகள் புது நிலைக்குத் தங்களைத் திருத்திக்கொள்ள வேண்டும். 2008-இல் ஜேமி மெக்வயரும் இஸ்த்வான் மோடியும், இந்த ஏற்பியின் ஒரு பாகம் இல்லாத சுண்டெலிகள் பிரசவத்துக்குப் பின் சோர்வுற்று, குட்டிகளைக் கவனிக்காமல் விடுவதைக் காட்டினார்கள். இதே பொருளை ரத்தநாளம் வழியாக 60 மணி நேரம் ஏற்றும் பிரெக்சனலோன் என்ற மருந்தை, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கென்றே அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2019-இல் அனுமதித்தது. அதே வழியில் வேலை செய்யும் சுரனலோன் 2023-இல் வந்தது. அது மாத்திரை, 14 நாள் சாப்பிட்டால் போதும். பிரசவமான பெண் குழந்தையைப் பார்த்தும் ஒட்டுதல் வரவில்லை என்றோ, காரணமில்லாமல் பயமாக இருக்கிறது என்றோ சொன்னால், அவளுடைய பாசத்தைச் சந்தேகிப்பதற்கு முன்னால் மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். சாந்தப்படுத்தும் அந்த ஏற்பிகள் புது நிலைக்கு இன்னும் வந்து சேராமல் இருக்கலாம், அதற்கு இப்போது சிகிச்சை இருக்கிறது.